படகுக்கு அம்மை போட்டது!

மனிதருக்குக் கொப்புளம் வந்தால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறோம். வெயில், மாங்காய், புதுச் செருப்பு, கொதிக்கிற எண்ணெய் என்று ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். அப்பளத்துக்குக் கொப்புளம் வந்தால் பொரித்தவள் கைக்காரி என்று மெச்சிக்கொள்கிறோம். சுவருக்குக் கொப்புளம் வந்தால் பெயிண்ட் அடித்தவனைத் திட்டுகிறோம். ஆனால் படகுக்குக் கொப்புளம் வரும் என்று நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நானும் கேள்விப்பட்டதில்லை, ஸ்ரீரங்கத்தில் என் அத்தை வீட்டுக்குப் போகும் வரையில்.

அத்தை வீடு கொள்ளிடக்கரைப் பக்கமாகத் தாழ்ந்து கிடக்கும் ஒரு தெருவில் இருக்கிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவே ஸ்ரீரங்கத்தைத் தீவாக விட்டுவிட்டு, கல்லணைப் பக்கம் மறுபடியும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பாசனத்துக்குப் போகிற தண்ணீர் காவிரியோடு. மிஞ்சுகிற வெள்ளமெல்லாம் கொள்ளிடத்தின் தலையில். ஆகையால் மற்ற ஊர்க்காரர்கள் 'மேட்டூர் நிரம்பிவிட்டதாம்!' என்று சந்தோஷப்படும்போது, அத்தை தெருக்காரர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டே பெட்டியைப் பரண்மேல் ஏற்றுவார்கள்.

2005-ஆம் வருஷம் நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கட்டிலோடு நாலு பேர் தோள்மேல் சுமந்து கொண்டுபோனார்கள். அதற்கு மறுவருஷம் தெருவாசிகள் வீட்டுக்கு இவ்வளவு என்று சந்தா போட்டு, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பதினாறு அடி நீளத்தில் ஒரு பைபர் படகு வாங்கிவந்தார்கள். அதற்குப் பொறுப்பாளர் என் அத்திம்பேர். படகு எந்த நேரமும் தயாராக இருக்கவேண்டும் என்பதற்காக, பக்கத்துத் தென்னந்தோப்பில் இருந்த குளத்திலேயே மிதக்க விட்டுவிட்டார். வெயிலும் மழையுமாக அது அங்கேயே குடியிருந்தது.

2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்தன. அதே மாதம் 22-ந் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் இருந்த 9 மதகுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. ஆர்தர் காட்டன் துரை 1830-களில் கட்டிய அணை அது! அந்த வாரம் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. "தோப்பிலே படகு இருக்கு" என்ற ஒரு வார்த்தைதான் எல்லாருக்கும் தைரியம்.

அந்தப் படகுக்குத்தான் கொப்புளம் வந்தது.

போன பங்குனிக் கடைசியில் நான் சென்னையிலிருந்து லீவில் போயிருந்தேன். படகுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாம் என்று அத்திம்பேர் ஆட்களை வைத்து அதைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்தார். பாசியைத் தேய்த்துக் கழுவியதும் அடிப்பாகம் முழுவதும் மேடு மேடாகத் தெரிந்தது. சில மிளகளவு, சில ஐந்து ரூபாய் நாணயத்தளவு. நான் சாக்பீஸால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு எண்ணினேன், நாற்பத்துமூன்று.

அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். "ஏண்டி, படகுக்கு அம்மைன்னா போட்டிருக்கு! வேப்பிலை கொண்டு வரட்டுமா?" என்றாள்.

அத்திம்பேருக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. "ஒண்ணுமில்லே. சுரண்டிட்டு, பட்டி வெச்சு, மேலே பெயிண்ட் அடிச்சா தீர்ந்தது. ஒரு நாள் வேலை" என்றார். பெயிண்ட் கடைக்காரரும் அப்படியே அபிப்பிராயப்பட்டார். எதிர்வீட்டு மாமா ஒருபடி மேலே போய், "பதினெட்டு வயசு ஆச்சு ஸ்வாமி, பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுங்கோ" என்றார். "போட்டுட்டு? அடுத்த வெள்ளத்துக்கு உம்ம வீட்டுக் கதவைக் கழற்றி மிதக்கவிடலாமா?" என்று அத்தை கேட்டதும் அவர் திண்ணையை விட்டு எழுந்துபோனார்.

பத்திரிகைக்காரிக்குப் பிறவிக்குணம் ஒன்று உண்டு. யாராவது 'ஒன்றுமில்லை' என்றால் உடனே குத்திப் பார்க்கத் தோன்றும். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பெரிய கொப்புளம் ஒன்றைக் கூரான உளியால் குத்தினேன். உள்ளேயிருந்து 'சுர்'ரென்று ஒரு திரவம் பீறிட்டது. தொட்டால் பிசுபிசுப்பு. காடியும் புதுப் பெயிண்டும் கலந்தாற்போல ஒரு வாடை. குளத்துத் தண்ணீருக்கு இந்தக் குணம் கிடையாதே! படகின் தோலுக்குள் போன தண்ணீர் அங்கே வேறு எதுவாகவோ மாறியிருந்தது.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பைபர் வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரைத் தருவித்தோம். அவர் வாயே திறக்கவில்லை. ஒரு நாணயத்தை எடுத்துப் படகின் உடம்பு பூராவும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டக், டக்' என்றது. கெட்ட இடத்தில் 'பொத், பொத்' என்றது. கடைசியில், "இது மேல்வலி இல்லீங்கம்மா, உள்வலி. பெயிண்ட் அடிச்சா மறையும், தீராது" என்றார்.

அந்த உள்வலியின் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும், சகோதரிகளே.

பைபர் படகு என்பது கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்தது. இந்த ரெசின், நாம் கட்டுகிற பாலியஸ்டர் புடவைக்கு ஒன்றுவிட்ட தங்கை. இந்த ஜோடியைக் கொண்டு அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் 1942-இல் படகு செய்தார். மரத்தைப்போல் உளுக்காது, இரும்பைப்போல் துருப்பிடிக்காது என்று உலகமே அதன் பின்னால் போயிற்று. நம் கடற்கரையிலும் 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகுகளே பிடித்துக்கொண்டன. இதன் மேல்தோலாக, பளபளவென்று அரை மில்லிமீட்டர் கனத்தில் ஜெல் கோட் என்று ஒரு பூச்சு இருக்கிறது. கொப்புளம் வருவது இதற்கு அடியில்தான்.

ஜெல் கோட் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் முழுக்கத் தடுக்காது. ஆவியாக, அணு அணுவாக, வருஷக்கணக்கில் ஈரம் உள்ளே போகிறது. உள்ளே சரியாக இறுகாத சரக்கும், நாரை ஒட்டவைத்த பசையும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தண்ணீர் அவற்றைக் கரைக்கிறது. ரெசினையும் மெல்லச் சிதைத்து அமிலமாக்குகிறது. அந்தப் புளிப்பு வாடை அதனால்தான். இப்படிக் கெட்டியான ஒரு கரைசல் உள்ளே உண்டானதும் அது சும்மா இருப்பதில்லை. வெளியே இருக்கும் தண்ணீரை இன்னும் இன்னும் உள்ளே இழுக்கிறது.

பாயசத்தில் போட்ட உலர்ந்த திராட்சையைப் பார்த்திருக்கிறீர்கள். சுருங்கிக் கிடந்தது, ஊறியதும் உருண்டையாக உப்பிவிடுகிறது. உள்ளே சர்க்கரை ஜாஸ்தி, வெளியே தண்ணீர் ஜாஸ்தி, நடுவே ஒரு மெல்லிய தோல். தண்ணீர் கெட்டியான பக்கத்தை நோக்கிப் போகிறது. பிரான்ஸ் தேசத்தில் நொல்லே என்ற பாதிரியார் 1748-இல் ஜாடியில் சாராயத்தை ஊற்றிப் பன்றியின் சவ்வினால் வாயைக் கட்டித் தண்ணீரில் வைத்தபோது, சவ்வு உப்பிக்கொண்டு வந்ததாம். இந்த அழுத்தத்துக்குக் கணக்கு எழுதிய வான்ட் ஹாஃப் என்ற விஞ்ஞானிக்கு 1901-இல் ரஸாயனத்துக்கான முதல் நோபல் பரிசே கிடைத்தது. அத்தனை பெரிய விஷயம், அத்தை வீட்டுப் படகின் முதுகில் நாற்பத்துமூன்று இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

"சமுத்திரத்திலே ஓடற படகுக்கெல்லாம் வராதது இதுக்கு மட்டும் ஏன் வந்ததாம்?" என்று அத்தை கேட்டாள்.

நியாயமான கேள்வி. கடல் தண்ணீரிலேயே உப்பு இருப்பதால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைவு, இழுப்பும் குறைவு. நல்ல தண்ணீரில் இழுப்பு அதிகம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் காரியம் இன்னும் துரிதம். திருச்சி ஜில்லாக் குளத்துத் தண்ணீரின் சூட்டைப்பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மீனவர்கள் வேலை முடிந்ததும் படகை மணல்மேல் ஏற்றிவிடுகிறார்கள். கட்டுமரக் காலத்தில் கட்டைக் கூட அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவார்கள். நம் படகோ பதினெட்டு வருஷமாகக் குளித்துவிட்டுத் தலை துவட்டவே இல்லை! தயாராக இருக்கட்டும் என்று தண்ணீரிலேயே வைத்திருந்ததுதான் அதற்கு வினையாக வந்தது.

வைத்தியம் என்ன? ஒவ்வொரு கொப்புளத்தையும் திறக்கவேண்டும். கெட்டதையெல்லாம் ராவி, நல்ல நார் தெரியும் வரையில் தட்டுப்போல் சரிவாகக் குழிக்கவேண்டும். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவவேண்டும். பிறகு காயவேண்டும், வாரக்கணக்கில் காயவேண்டும். அதற்குப் பிறகே பூச்சு.

"வாரக்கணக்கிலா!" என்று அத்திம்பேர் அதிர்ந்தார். வழக்கமான தேதியான ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்துவிட்டால், அதற்குமேல் மழையைப் பொறுத்து எப்போது வேண்டுமானாலும் கொள்ளிடத்தில் தண்ணீர் வரலாம். ஆடிக்குள் படகு தண்ணீரில் இறங்கியாகவேண்டும். தெருவாசிகளுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். "மேலே காஞ்சிருந்தா போறாதா? தொட்டுப் பாரு, சுடறது!" என்றார்.

அத்தை அப்போது மொட்டை மாடியிலிருந்து வடாம் தட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒரு வடாமை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இதுவும் தொட்டா காஞ்சிருக்கு. டப்பாவிலே போட்டு மூடட்டுமா? ஆவணியிலே திறந்து நீங்களே சாப்பிடுங்கோ" என்றாள். அத்திம்பேர் வடாமை இரண்டாக ஒடித்துப் பார்த்தார். நடுவே ஈரம் இருந்தது. அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கணத்திலிருந்து காயவைக்கும் இலாகா அத்தையின் வசம் வந்தது.

ராவுகிற அன்று மேஸ்திரியும் அவருடைய ஆளும் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை என்று வேஷம் போட்டுக்கொண்டார்கள். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரிக்கும்; மூச்சில் போவது அதைவிடக் கெடுதல். குழந்தைகளைத் தோப்புப் பக்கமே விடவில்லை. அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசச் சொல்லிவிட்டாள் அத்தை.

கழுவும் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. கொப்புளத்துத் திரவத்தில் வெயிலுக்கு அசைந்துகொடுக்காத சரக்கு இருக்கிறது. வெல்லப்பாகு சிந்திய தரையை வெயிலில் விட்டால் பிசுபிசுப்பு போய்விடுமா? மழைநாள் வந்தால் அதுவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆகையால் வெந்நீரும் பிரஷும் கொண்டு குழிகளைத் தேய்த்துக் கழுவினோம். இரண்டு நாள் விட்டு மறுபடி, அப்புறம் மறுபடி. பிசுபிசுப்பும் வாடையும் அடியோடு போகும் வரையில் அத்தை விடவில்லை.

பிறகு அக்னி நட்சத்திரத்தின் கையில் படகை ஒப்படைத்தோம். குளிர் தேசங்களில் கூடாரம் கட்டி, கணப்பு மூட்டி, மாதக்கணக்கில் காயவைக்கிறார்களாம். திருச்சியில் அந்தச் செலவு இல்லை. ஒருநாள் ராத்திரி கோடை மழை கொட்டியபோது தெருவே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியதைத் தவிர வேறு தொந்தரவும் இல்லை.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு முழச் சதுரமாகக் கண்ணாடிப் பாலிதீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, வெயிலில் விடவேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் இட்லிக் கொப்பரை மூடியில் நிற்பதுபோல முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அத்தை ஆறு இடத்தில் ஒட்டினாள். முதல் வாரம் ஆறிலும் முத்து. நாலாவது வாரம் ஐந்து தாள்கள் சுத்தமாகிவிட்டன. அடிமுதுகுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் தினமும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரமும் அது வேர்த்தது. ஜூன் பிறந்துவிட்டது. "ஒரு இடம்தானே? பூசிடலாம்" என்று அத்திம்பேர் மெல்ல ஆரம்பித்தார். அத்தை பதில் சொல்லாமல் கவிழ்ந்திருந்த படகுக்கு அடியில் புகுந்து, உள்பக்கத்தை விரலால் தட்டிக்கொண்டே போனாள். "இங்கே என்ன வெச்சு மூடியிருக்கா?" என்று குரல் வந்தது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். படகு முழுகாமல் இருப்பதற்காகத் தெர்மோகோல் அடைத்து மூடிய அறை அது. கீழ் மூலையில் ஒரு துளை போட்டார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. ஒரு சொம்பு நிரம்பிவிட்டது. எத்தனையோ மழைக்காலத்துத் தண்ணீர்! விளிம்பில் இருந்த மயிரிழை விரிசல் வழியே இறங்கி, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருந்தது. நாங்கள் வெளித்தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது, அது உள்ளேயிருந்து ஈரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. பூசியிருந்தால் ஆறே மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பியிருக்கும்.

"இந்த ஆம்பிளைகளெல்லாம் வெளியிலேயே பார்த்திண்டிருந்தேளே!" என்றாள் அத்தை. மேஸ்திரி கைகூப்பிவிட்டார். ஊறிய தெர்மோகோலை எடுத்தெறிந்து, இன்னும் இரண்டு வாரம் காயவிட்டோம். ஆறாவது தாளும் சுத்தமாயிற்று.

பூசுவதற்குப் பழைய பாலியஸ்டர் ரெசின் வேண்டாம், எபாக்ஸிதான் வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். எபாக்ஸியில் ஈரம் அவ்வளவு சுலபமாகப் போகாது. பழைய தளத்தின்மேல் நன்றாகவும் பிடிக்கும். கார்களுக்கு வைக்கிற சாதாரணப் பட்டி தண்ணீரை உறிஞ்சும்; படகின் அடிக்கு அது ஆகாது. இந்த இரண்டு ரெசினுக்கும் உள்ள வித்தியாசத்தை அத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்: "அது பாலுக்கு உறை ஊத்தற மாதிரி, இது இட்லிக்கு அரிசி உளுந்து போடற மாதிரி." வாஸ்தவம். பாலியஸ்டரில் கெட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. சற்றுக் கூடினால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸியில் ஹார்ட்னரின் பங்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான். கூட்டினாலும் குறைத்தாலும் இறுகாமலே போகும். அத்தை தன் சமையலறைத் தராசில் நிறுத்துக் கொடுத்தாள். அந்தத் தராசு அதற்கப்புறம் சமையலறைக்குத் திரும்பவில்லை, அதுதான் சரி.

பாலியஸ்டர் வேலை செய்கிற வீட்டில் ஒரு எச்சரிக்கை அவசியம். கெட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். மேஸ்திரி அவற்றைச் சண்டைபோட்ட சம்பந்திகளைப்போல ஆளுக்கொரு மூலையில்தான் வைப்பார். எபாக்ஸிக்கோ கையுறை முக்கியம். ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுள் முழுவதும் விடாது.

வேலையைச் சாயங்காலத்தில் வைத்துக்கொண்டோம். சூடு 10 டிகிரி கூடினால், கலந்த ரெசின் கையில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆழமான டப்பாவில் வைத்தால் தன் சூட்டிலேயே புகையும். அகலமான தட்டில் பரப்பிக்கொள்ளவேண்டும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து குமிழ்விடும். மாலையில் படகின் உடம்பு ஆறும்போது பூசினால், காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் வெறும் எபாக்ஸி. பிறகு மைதா போன்ற ஸிலிகாத் தூள் கலந்து கெட்டிச் சட்னி பதத்தில் குழிகளை நிரப்பினார்கள். ஆழமான ஏழு இடங்களில் கண்ணாடித் துணி வைத்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து, அடி முழுவதும் ஐந்து கை எபாக்ஸி பூசி, வெயில் அதைக் கெடுக்காமல் இருக்க மேலே பெயிண்ட் அடித்தார்கள். உள் அறைக்குத் திருகி மூடும் அடைப்பான் ஒன்றும் வைத்தாயிற்று.

ஆனிக் கடைசியில் படகு தண்ணீரில் இறங்கியது. தெருக் குழந்தைகள் முண்டியடித்தார்கள். அத்தை அவர்களை ஒதுக்கிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தான் முதலில் ஏறி உட்கார்ந்தாள். அரைமணி நேரம் அடியில் விரித்த செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாள் நனையவில்லை. அப்புறம்தான் குழந்தைகளுக்கு அனுமதி.

இப்போது படகு குளத்தில் குடியிருப்பதில்லை. தோப்பில் கீற்றுக் கொட்டகைக்குள் இரண்டு கட்டைகள்மேல் கவிழ்ந்திருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து அதைத் தூக்கித் தண்ணீரில் விட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அத்திம்பேர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பார்க்கிறார். ஏழு நிமிஷத்தில் தொடங்கி நாலுக்கு வந்திருக்கிறார்கள்.

தை மாதத்தில் அத்தையிடமிருந்து போன் வந்தது. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள்: "இடது பக்கம், பின்னாலே, மிளகளவு ரெண்டு. பென்சிலாலே வட்டம் போட்டுத் தேதி எழுதியிருக்கேன். குத்த வேண்டாம்னு மேஸ்திரி சொல்றார். சித்திரை வரட்டும். வடாம் போடறச்சே பார்த்துக்கலாம்."